சந்திரகிரிக்குப் பட்டா கேட்பவர்கள்

திருமலையில் வழிபாடு முடித்துத் திரும்பும் தமிழ்ப் பயணிகளில் சிலர், திருப்பதியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சந்திரகிரிக் கோட்டைக்கும் போய் வருகிறார்கள். மூன்று அடுக்கு ராஜ மகால், சற்றுத் தள்ளி இரண்டு அடுக்கு ராணி மகால், இரண்டுக்கும் பின்னே கருங்கற்குன்று. ஒளிப்படம் எடுக்கப்படுகிறது, அன்றிரவே சமூக ஊடகத்தில் ஏறுகிறது. அதன் கீழ் எழுதப்படும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இழந்த தமிழ் மண், பறிபோன நம் அரண்மனை.’ பின்னூட்டத்தில் ஒருவர் வடவேங்கடத்தை நினைவூட்டுவார், இன்னொருவர் 1953ஐ, மூன்றாமவர் ம.பொ.சி.யை. மறுநாள் எதிர்த்தரப்பு வரும்: ராயர்கள் ஆண்ட கோட்டையில் அரவம் பேசுவோருக்கு என்ன வேலை? (அரவம் என்பது தெலுங்கர் தமிழுக்கு இட்ட பெயர், வடுகு என்பது தமிழர் தெலுங்குக்கு இட்ட பெயர்.)

இரு தரப்பும் பகைவர்களாகத் தோன்றினாலும் இருவரும் நம்பும் கோட்பாடு ஒன்றே. ஒரு நிலத்துக்கு ஒரு மொழி, ஒரு மொழிக்கு ஓர் அரசு, ஓர் அரசுக்கு ஓர் அரண்மனை. மொழிவழி மாநிலங்கள் பிறந்த இருபதாம் நூற்றாண்டின் கண்ணாடி இது. அதை அணிந்துகொண்டு விஜயநகரக் கால மாளிகையைப் பார்த்தால் தெரிவது மாளிகை அன்று. பார்ப்பவரின் வாக்காளர் அட்டை. பயணிகள் இப்பிழையைச் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் அதையே ஆய்வின் எல்லையாக வரைந்துகொள்வதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. இக்குறிப்பு அவர்களை நோக்கியது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போர் பார்க்கட்டும். கோட்டையின் தொடக்கத்தை மரபு யாதவராயர்களுக்கு உரியதாக்குகிறது. அவர்கள் சோழர்க்கு அடங்கிய சிற்றரசர்கள். சளுக்கிய மரபினராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். கல்வெட்டுகளைத் தமிழில் பொறித்தவர்கள். அந்த ஒரு குடியிலேயே ‘நம்மவரா, அவர்களா’ என்ற கேள்வி தடுமாறத் தொடங்கிவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் இப்பகுதி விஜயநகர ஆட்சிக்குள் வந்தது. சந்திரகிரியைத் தளமாகக் கொண்டு வலுப்பெற்ற சாளுவ நரசிம்மர் 1485இல் பேரரசின் அரியணையையே கைப்பற்றினார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பின் தலைநகர் பெனுகொண்டாவுக்குப் போனது. அரவீட்டு மரபின் இரண்டாம் வேங்கடர் (1586–1614) காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது. பின்னர் வேலூருக்கும் நகர்ந்தது. இன்றைய மாநில எல்லையை அத்தலைநகர் எத்தனை இயல்பாகக் கடந்தது என்பதைப் படம் போட்டுப் பார்த்தாலே போதும்.

இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்கும் ராஜ மகால், மரத்தை நீக்கி, கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டது. அதன் கூர்முனை வளைவுகள் தக்காணச் சுல்தான்களின் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. உச்சியில் நிற்கும் கோபுரங்கள் கோயில் விமானத்தை நினைவூட்டுபவை. தலைக்கோட்டையில் தம்மைத் தோற்கடித்தவர்களின் வளைவை இந்த அரசர்கள் தம் தலைக்கு மேலே வைத்துக்கொள்ளக் கூசவில்லை. பெயரும் அப்படியே. ‘ராஜ’ வடசொல், ‘மகால்’ அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. அதைச் சூழ்ந்திருப்பது தமிழில் கோட்டை, தெலுங்கில் கோட்ட, கன்னடத்தில் கோட்டெ. இப்பெயரில் ‘தூய’ சொல்லைத் தேடிப் புறப்படுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

அவர்களுடைய ஆவணங்கள் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. இரண்டாம் வேங்கடரின் செப்பேடுகள் வடமொழியில், நந்திநாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டவை; முடிவில் ‘ஸ்ரீ வேங்கடேச’ என்ற ஒப்பம் மட்டும் தெலுங்கு-கன்னட எழுத்தில் இருக்கும். அரசவையின் இலக்கிய மொழி தெலுங்கு. ஆனால் அந்த அரசர்களின் குலதெய்வம் உறையும் திருமலையிலும், கீழே திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழ். காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளித் திருமேனியும் அணிகளும் நிலமும் அளித்த செய்தி (பொ.ஆ. 966 எனக் கொள்ளப்படுவது) தமிழில் இருக்கிறது. அதற்கு ஐந்து நூற்றாண்டுக்குப் பின், சாளுவ நரசிம்மர் காலத்துக் கட்டளைகளும் தமிழில் இருக்கின்றன. அதே சாளுவ நரசிம்மரின் காலத்தில் அதே மலையில் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய தெலுங்குச் சங்கீர்த்தனைகள் செப்பேடுகளில் ஏறின. 1513இல் கிருஷ்ணதேவராயர் அளித்த கொடைகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டன. அவர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதாவின் தலைவியோ திருவில்லிபுத்தூர் ஆண்டாள். மார்கழியில் இன்றும் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கிறது; கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பகுதியினரின் தாய்மொழி தெலுங்கு.

மொழியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கும் செய்திதான் இது. பன்மொழிச் சமூகத்தில் மொழிகள் பயன்பாட்டுக் களங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யார் படிக்க வேண்டும், எதற்காகப் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே எழுதும் மொழி முடிவாகிறது. கோயிலின் நெல் கணக்கும் விளக்கு நெய்யும் பிரசாதப் பங்கும் யாருக்குத் தெரிய வேண்டுமோ, அவர்கள் படிக்கும் மொழியில் கட்டளை எழுதப்பட்டது. அரசகுலத்தின் பெருமை நாடெங்கும் உள்ள பண்டிதர்க்குத் தெரிய வேண்டும் என்பதால் கொடைச் செப்பேடு வடமொழியில் அமைந்தது. காவியம் அரசவையின் செவிக்குரிய மொழியில் பிறந்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பிய்த்தெடுத்து, ‘இதுதான் இந்த அரசின் மொழி’ என்று கொடி நடுவது மொழியியலும் ஆகாது, வரலாறும் ஆகாது.

தெலுங்குத் தரப்புக்கு இதனால் கிடைக்கும் விடை சுருக்கமானது. திருமலைக் கோயிலின் பொருளியலை, நிலவுடைமையை, பணியாளர் அமைப்பை, ராயர்களுக்கும் கோயிலுக்கும் இருந்த உறவைத் தமிழ் படிக்காமல் எழுத முடியாது. 1930களில் திருமலை திருப்பதி தேவஸ்தானமே பல தொகுதிகளாக வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பு அதற்குச் சான்று. ‘அரவத்துக்கு இங்கு என்ன வேலை’ என்று கேட்பவர், தம் பேரரசரின் கையொப்பமிட்ட கணக்கேட்டைத் தாமே கிணற்றில் போடுகிறார்.

தமிழ்த் தரப்புக்கு இருக்கும் விடை இன்னும் கசப்பானது. கல்வெட்டு தமிழ் என்பதால் சந்திரகிரி தமிழருடையது என்றால், மதுரையில் இருக்கும் திருமலை நாயக்கர் மகால் யாருடையது? 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் குடி, விஜயநகரத்திலிருந்து வந்த தெலுங்குக் குடி. தஞ்சையின் இரகுநாத நாயக்கர் தாமே தெலுங்குக் கவிஞர். தஞ்சை நாயக்கர் அவையில் பிறந்த தெலுங்கு இலக்கியம் தெலுங்கு இலக்கிய வரலாற்றில் தனி அதிகாரம். ஆந்திரத்திலிருந்து வரும் ஒரு பயணி மதுரை மகாலின் தூண்களுக்கு நடுவே நின்று ஒளிப்படம் எடுத்து, ‘இழந்த தெலுங்கு மண்’ என்று எழுதினால் தமிழ் ஆய்வுலகம் என்ன சொல்லும்? சிரிக்கும்; அல்லது சினக்கும். அந்தச் சிரிப்பையும் சினத்தையும் சந்திரகிரிப் பதிவுகளின் மீதும் செலுத்தினால்தான் அது நேர்மை. ஓர் அளவுகோலை வடக்கே நீட்டும்போது ஒரு நீளமும் தெற்கே நீட்டும்போது வேறு நீளமும் காட்டுவது ஆய்வாளர் வேலை இல்லை. துணிக்கடைக்காரரே செய்ய வெட்கப்படும் வேலை.

அடுத்து வருவது ஊர்ப்பெயர் வாதம். சித்தூர் என்பது சிற்றூர், திருப்பதி என்பதில் ‘திரு’வும் ‘பதி’யும் தமிழ், ஆகவே மண்ணும் தமிழ். ‘பதி’ ஊரைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லா, தலைவனைக் குறிக்கும் வடசொல்லா என்ற வழக்கு தனியே நடக்கட்டும். எது வென்றாலும் நில உரிமை அதனால் மாறாது. சொற்பிறப்பியல் பட்டா வழங்கும் அலுவலகம் அன்று. அப்படி வழங்கத் தொடங்கினால் முதலில் இடர்ப்படுவது சென்னை. 1639 ஆகஸ்ட் 22 எனக் கொள்ளப்படும் நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை நிலத்தைக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் என்ற தெலுங்கு நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டணம் எழுந்தது என்பதே வரலாற்றாசிரியர் பலர் ஏற்கும் விளக்கம். தமிழ் அடையாளத்தை மீட்பதற்காக 1996இல் ‘மெட்ராஸ்’ நீக்கப்பட்டு வந்து அமர்ந்த பெயர், ஒரு தெலுங்குத் தந்தையின் நினைவு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெயர்கள் இப்படித்தான் பயணம் செய்கின்றன. வெட்கப்பட வேண்டியது, சித்தூரில் சொற்பிறப்பைச் சான்றாக நீட்டிவிட்டுச் சென்னையில் அதை மறந்துபோவதற்கு.

இதே கொடையைப் பற்றிச் சந்திரகிரியில் உலவும் கதையும் இங்கே கருதத்தக்கது. ஸ்ரீரங்கராயர் 1639இல் இந்த ராஜ மகாலில் அமர்ந்து சென்னைக்கான ஆவணத்தில் கையெழுத்திட்டார் என்று வழிகாட்டிக் கையேடுகளும் இணையக் குறிப்புகளும் சொல்கின்றன. தமிழ்ப் பயணிகளுக்கு மிகவும் பிடித்த கதை இது. சென்னையின் தொட்டிலைத் தொட்டுப் பார்த்த நிறைவு கிடைக்கிறது. ஆனால் 1639இல் அரசர் மூன்றாம் வேங்கடர். ஸ்ரீரங்கர் அரியணை ஏறியதே 1642இல். அவர் கம்பெனியின் உரிமையை உறுதிப்படுத்திக் கொடுத்தது 1645இல். ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே உதிர்ந்துபோகும் கதை, ஆண்டுதோறும் சென்னை தினத்தன்று புதிதாகப் பகிரப்படுகிறது. அரண்மனை யாருடையது என்று கேட்பதில் காட்டும் வேகத்தில் கால்பங்கு, அங்கே என்ன நடந்தது என்று கேட்பதில் காட்டப்பட்டிருந்தால் இக்கதை என்றோ ஓய்ந்திருக்கும்.

வேங்கடம் எல்லை என்பதை மறுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மறுக்க வேண்டியதில்லை. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்கிறது. சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பால் உள்ள நிலத்தை மொழிபெயர்தேயம் என்கின்றன. அந்தச் சொல்லை நிதானமாகப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். மொழி மாறும் இடம் அது. மொழி முடியும் இடம் அன்று. மொழி மாறும் இடத்தில் வாழ்பவர்களுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்கும். இரண்டும் தெரியாவிட்டால் சந்தையில் உப்பு வாங்க இயலாது. இன்றும் சித்தூர்க் கடைத்தெருவில் ஒரே உரையாடல் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிவதைக் கேட்கலாம். எல்லை என்றால் சுவர் என்று பொருள் கொண்டது வேங்கடத்தைப் பாடியவர்கள் அல்லர். மாவட்ட வரைபடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அந்த வரைபடமோ நில்லாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. 1911 ஏப்ரல் வரை சந்திரகிரி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன் பின் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில். 1953இல் ஆந்திர மாநிலத்தில், 1956இல் ஆந்திரப் பிரதேசத்தில், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்தில். நூற்றுப் பதினொரு ஆண்டில் முகவரி நான்கு முறை மாறிவிட்டது. கல் அசையவில்லை, அதில் உள்ள எழுத்தும் மாறவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ‘மொழிகள் கலந்து வாழ்ந்தன என்று பேசுவது எளிது; இன்று தமிழ் அங்கே அழிக்கப்படுவதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?’ இக்கேள்வியில் உண்மை இருக்கிறது. வடக்கெல்லைப் போராட்டம் வெறும் உணர்ச்சிக் கூச்சலாக இருந்ததில்லை. மக்கள் தொகையும் பேச்சுமொழியும் அதன் வாதங்களாக இருந்தன. அதனாலேயே படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர்ப் பகுதியில் தமிழை வீட்டில் மட்டும் பேசி, எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் தலைமுறை இருப்பதும் உண்மை. தம் ஊர்க் கோயில் சுவரில் தம் வீட்டு மொழி பொறிக்கப்பட்டிருக்க, அதை ஒரு கோலம்போலப் பார்த்துவிட்டு நகரும் பிள்ளைகள் அவர்கள். இழப்பு என்று சொல்லத்தக்கது இதுதான். அரண்மனை இருந்த இடத்திலேயே இருக்கிறது; படிக்கும் கண்கள்தாம் குறைந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே சந்திரகிரியில் தமிழில் ஒரு விளக்கப் பலகை வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். தொல்லியல் துறையின் பலகைகள் பொதுவாக மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என்ற வரிசையில் அமைகின்றன. நினைவுச்சின்னத்தின் மொழி எது என்று அந்த விதி கேட்பதில்லை. அது நிற்கும் மாநிலம் எது என்று மட்டுமே கேட்கிறது. இவ்விதியை எதிர்ப்பவர் அதே மூச்சில் மதுரை மகாலில் தெலுங்குப் பலகை வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அங்கே நடக்கும் ஒலி-ஒளிக் காட்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறது. திருமலை நாயக்கரின் குடி வீட்டில் பேசிய மொழியில் பேசுவதில்லை. இரண்டு கோரிக்கையையும் சேர்த்து வைப்பவருக்கே ஒன்றைக் கேட்கும் தகுதி உண்டு.

இது நடவாத கற்பனை என்று ஒதுக்குவோர் சியோல் நகரத்துக் கியோங்போக்குங் அரண்மனையை நினைக்கலாம். 1395இல் எழுந்த அந்த அரண்மனை 1592இல், ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. சந்திரகிரி தலைநகரானதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட அந்த வளாகத்துக்குள்ளேயே காலனிய ஜப்பான் தன் தலைமை ஆட்சியகத்தை 1926இல் கட்டி முடித்தது. கொரியர்கள் 1995இல் அதை இடிக்கத் தொடங்கினர். இவ்வளவு ஆறாத புண் இருந்தும், இன்று அங்கே வழிகாட்டிகள் ஆங்கிலம், சீனத்தோடு ஜப்பானிய மொழியிலும் விளக்கம் தருகிறார்கள். கேட்க வருபவரின் மொழியில் தம் வரலாற்றைச் சொல்வது அவர்களுக்குத் தோல்வியாகப் படவில்லை. தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பாகப் படுகிறது.

அங்கும் மொழிச் சண்டை இல்லாமலில்லை. செஜோங் அரசர் ஹங்குல் எழுத்தை ஆக்கியளித்தது அந்த அரண்மனையில் அரசாண்ட காலத்தில். எனினும் முதன்மை வாயிலான குவாங்வாமுன்னின் பெயர்ப்பலகை சீன எழுத்தில் இருக்கிறது. 1968இல் வைக்கப்பட்ட ஹங்குல் பலகை அகற்றப்பட்டு, 2010இல் பழைய வடிவில் சீன எழுத்துப் பலகை வந்தபோது ஹங்குல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், இன்றும் எதிர்க்கிறார்கள். அதற்கிடையே பழைய ஒளிப்படங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 2010இல் வைத்த பலகையின் நிறமே தவறு என்று காட்டினார்கள். அரசு பிழையை ஏற்று, 2023இல் கறுப்புத் தளத்தில் பொன்னெழுத்துப் பலகையை மாட்டியது. அந்தச் சண்டை பழைய ஒளிப்படங்களைத் தேடவைத்தது. ஒரு பிழையைத் திருத்தவும் வைத்தது. சந்திரகிரிச் சண்டை எந்த ஒரு கல்வெட்டையும் யாரையும் படிக்கவைக்கவில்லை.

குற்றம் யாருடையது என்று கேட்டால் விரல் பல்கலைக்கழகங்களை நோக்கியே நீள வேண்டும். நாயக்கர் காலத் தமிழகத்தை ஆராய்வோரில் தெலுங்கு மூலத்தைத் தாமே படிப்பவர் எத்தனை பேர்? ஆய்வுத் தலைப்பில் ‘தமிழகம்’ என்று எழுதிவிட்டு, பதினாறாம் நூற்றாண்டு ஆய்வுக்கு 1956இன் வரைபடத்தைப் பின்னிணைப்பாக ஒட்டும் வழக்கம் எப்போது ஒழியும்? மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது எழுந்த மகிழ்ச்சி பெரிது, அது தகும். ஆனால் அந்தப் படிகளில் சித்தூரும் குடிமல்லமும் திருப்பதியும் அடங்கும். வந்த படியைப் படிக்கக் கிரந்தம் தெரிய வேண்டும். அதன் அரசியலை விளங்கிக்கொள்ளத் தெலுங்கு தெரிய வேண்டும். சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான்கு மாநிலங்களின் மொழிகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்தது அது. அந்த நோக்கத்தை அதன் வாயிற்படியோடு நிறுத்திவிட்டு, எஞ்சிய துறைகள் ஒருமொழிக் குடிசைகளாகவே இருந்துவிட்டன.

தீர்வு பெரிய திட்டங்களைக் கேட்கவில்லை. விஜயநகர, நாயக்கர் கால ஆய்வுக்குப் பதிவு செய்யும் தமிழ் மாணவர்க்கு ஓராண்டுத் தெலுங்குப் பாடம் கட்டாயமாகட்டும். திருப்பதியில் ஆய்வு செய்யும் தெலுங்கு மாணவர்க்குத் தமிழ்க் கல்வெட்டுப் பாடம் கட்டாயமாகட்டும். இரு மாநில மாணவர்களும் சேர்ந்து சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்க் கோயில்களுக்குச் செல்லட்டும். திருப்பணியின் பெயரால் சுண்ணாம்பு மூடுவதற்கு முன் அங்குள்ள எழுத்துகளைப் படித்துப் பதிவு செய்யட்டும். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைச் சுவரின் முன் நிறுத்தி அவர்களின் ஊர்ப்பெயரைக் காட்டிப் படிக்கச் சொல்லட்டும்.

அதுவரை, ராஜ மகாலின் முன் நின்று ‘இது எங்களுடையது’ என்று எழுதப் போகிறவர்கள், தமிழரானாலும் தெலுங்கரானாலும், ஒரு சிறு தேர்வுக்கு உடன்படலாம். கீழே இறங்கித் திருப்பதிக் கோயில் சுவரில் ஏதேனும் ஒரு கல்வெட்டின் முதல் மூன்று வரியைப் படித்துக் காட்டட்டும். படித்தவர்க்குப் பட்டா தேவைப்படாது. படிக்க இயலாதவர் கையில் அதைக் கொடுத்தாலும் பயனில்லை.